ஒற்றைக்கால் பஸ்கியும் செல்வாவின் இரும்புத் தண்டும்

முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதித் தருவார் என்று போனால், டாக்டர் என்னை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார். நாற்பத்தைந்தைத் தாண்டிய தொப்பையோடு மகன் வயதுப் பிள்ளைகள் நடுவே போய் நிற்பது இருக்கிறதே, அது தனி வைத்தியம். தரை முழுக்கப் புதிதாகக் கறுப்பு ரப்பர் விரித்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பயிற்சியாளர் பையன் பேசியதில் பாதி காதில் விழவில்லை. "அங்கிள், தோள்ல பார்பெல் வச்சு குந்தி எழும்புறீங்களா, இல்லாட்டி வெயிட் இல்லாம ஒத்தக்கால்ல செய்றீங்களா? ரெண்டுலயும் நல்லது கெட்டது இருக்கு" என்று விளக்கிக்கொண்டே போனான். தம்பி, இந்த வழக்கை நாங்கள் உன் வயதிலேயே பேசி முடித்துவிட்டோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. முடித்தோமா என்ன?

எங்கள் தோட்டம் இலங்கையில், பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வெட்டியெடுத்த பாலைத் தகடாக்கிப் புகைபோட்டுக் காயவைக்கிற புகைக்கூடம் நாங்கள் குடியிருந்த லய வரிசை வீடுகளுக்குக் கீழேதான் இருந்தது. புளித்த பாலும் விறகுப் புகையும் கலந்த அந்த வாடை எங்கள் சட்டையில், தலையில், பள்ளிக்கூடப் புத்தகத்தில், அம்மா கட்டித் தரும் ரொட்டியில் கூட இருக்கும். பஸ்ஸில் ஏறினால் நாங்கள் எங்கே இறங்குவோம் என்று கொண்டக்டர் கேட்கவே மாட்டார். அந்தப் புகைக்கூடத்துக்குப் பின்னால்தான் தோட்டத்திலேயே சமமான ஒரே தரை இருந்தது. அதில் கமுகு மரத்துண்டு இரண்டை நட்டு, வலை கட்டி, வொலிபோல் விளையாடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்களும் வருவார்கள். தோற்றவர்கள் பிளேன்டீ வாங்கித் தர வேண்டும். நாங்கள் நிறையவே வாங்கித் தந்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் எகிறி அடிக்கிறவன் செல்வா. அடுத்த வீட்டுக் காம்பராவில் என்னோடு வளர்ந்தவன். அவன் அடியைவிட வாய் பலம். வெள்ளை என்றால் கறுப்பு என்பான். சரிப்பா, கறுப்புத்தான் என்று ஒத்துக்கொண்டால், அதெப்படி நீ கறுப்பு என்று சொல்லலாம் என்று அதற்கும் வருவான். கோயில் பூசாரியோடு தர்க்கம், கங்காணியோடு தர்க்கம், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சிங்களத்தில் தர்க்கம். "இவன் வயித்துல இருக்கயிலயே நான் ஒரு பக்கமா சாஞ்சு படுத்தா ஒத்துக்க மாட்டான், ஒதைப்பான்" என்பார் அவன் அம்மா பாக்கியம் அக்கா. ரப்பர் வெட்டிக் காய்த்த கையால் அவன் தலையில் ஒன்று போட்டுவிட்டுத்தான் சொல்லுவார்.

எகிறுவதற்குக் காலில் பலம் வேண்டும் என்று ஒருநாள் ஆரம்பித்தான். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பிடித்தான். கோயில் மதில் கட்டி மிஞ்சிய சீமெந்தைக் குழைத்துப் பெரிய பிஸ்கட் டின் இரண்டில் ஊற்றி, குழாயின் இரு நுனியிலும் செருகி இறுக வைத்தான். கழுத்து நோகாமல் நடுவில் சாக்குத் துண்டு. அதைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தி எழும்பிப் பஸ்கி எடுப்பான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, எழும்பும்போது மாடு மாதிரி ஒரு சத்தம். பார்க்கப் பயமாகவும் பெருமையாகவும் இருக்கும்.

நான் தூக்கிப் பார்த்தேன். தண்டு என் பின்கழுத்தில் உட்கார்ந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கொள்கையளவில் நான் தண்டுக்கு எதிரியாகிவிட்டேன். ஒரு காலை முன்னே நீட்டிக்கொண்டு மற்றக் காலில் மட்டும் குந்தி எழும்புவதுதான் சரியான பயிற்சி என்று வாதாடத் தொடங்கினேன். வாதத்தில் உண்மையும் இருந்தது. ரப்பர் மலையில் இரண்டு கால் ஒரே மட்டத்தில் நிற்கவே நிற்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. மரத்தின் அடியில் பால் வெட்டக் குந்தும் பொம்பளைகள் பாதி நேரம் ஒரு காலில்தான் குந்துகிறார்கள். இரண்டு காலில் பாரம் தூக்கினால் நல்ல கால் நொண்டிக் காலுக்கும் சேர்த்து உழைத்துக் கொடுத்துவிடும், நமக்குத் தெரியாது. தோட்டத்தில் அரை நாள் சம்பளத்தை அரைப் பேர் என்போம். "ஒன் எடது காலு அரைப் பேருக்குத்தான்டா வேல செய்யுது. வலது காலு முழுப் பேரு. தண்டத் தூக்குனா அது தெரியுமா?" என்றேன்.

"பாரம் இல்லாம காலுக்கு எங்கருந்துடா பலம் வரும்? கொக்கு கூட ஒத்தக்கால்லதான் நிக்குது. எந்தக் கொக்கு பந்து அடிச்சிருக்கு?"

"சரி, கொக்கு மாதிரி பத்து எடு பாப்போம்."

எடுத்தான். நாலாவதில் சாய்ந்து விழுந்தான். விழுந்த இடத்தில் இருந்துகொண்டே, தரை சரியில்லை என்று வாதாடினான். இப்படியே மாதக்கணக்கில் போனது. நின்ற இடத்திலிருந்து எகிறினால் அவன் உயரம். ஓடிவந்து ஒரு காலில் எகிறினால் நான் கொஞ்சம் உயரம். இதற்கு யார் தீர்ப்புச் சொல்வது? கிராமத்து அணியில் விளையாடிய சுமணே அய்யாவிடம் கேட்டோம். மாணிக்கக்கல் குழியில் தண்ணீர் இறைக்கும் பம்ப் வைத்திருந்தவர். "ரெண்டுபேரும் தோக்கறதுதானே. எந்தக் கால்ல தோத்தா என்ன, மல்லி?" என்றார். மல்லி என்றால் அவர் பாஷையில் தம்பி.

போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சண்டை எங்கோ தூரத்தில். ஆனால் கொழும்பில் ஏதாவது வெடித்தால் அன்றைக்கே எங்கள் லயங்களில் பேச்சுக் குறைந்துவிடும். அப்படி ஒரு கிழமையில், பக்கத்துத் தோட்டத்தில் போலீஸ் வீடுவீடாகத் தேடுகிறது, இரும்பு, வயர், பெற்றரி எது கிடந்தாலும் கேள்வி என்று செய்தி வந்தது. பாக்கியம் அக்கா வாசலில் கிடந்த தண்டைப் பார்த்தார். "அந்தச் சனியன எங்கயாச்சும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்கடா" என்றார். வாசலிலேயே விட்டிருந்தால் அது வெறும் தண்டு. வருகிறவன் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அந்தப் புத்தி அன்றைக்கு ஒருவருக்கும் வரவில்லை. வேளை கெட்டால் புத்தியும் கெடும்.

தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில், மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட ஒரு குழி தண்ணீர் நிறைந்து கிடந்தது. செல்வாவும் நானும் தண்டைச் சாக்கில் சுற்றி, ஆளுக்கொரு நுனியாகத் தோளில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் போய் அதில் போட்டோம். நீளமான ஏதோ ஒன்றைச் சாக்கில் சுற்றி இரண்டு தமிழ்ப் பையன்கள் குழியில் போடுவதை யாரோ பார்த்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. பார்த்தவர் என்ன நினைத்திருப்பார் என்பது மட்டும் தெரியும்.

அடுத்த நாள் ஜீப் வந்தது. குழியில் போட்டது யாருடைய சாமான் என்று கேட்டார்கள். "என்னோடது" என்றான் செல்வா. மற்றவனாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பான். பஸ்கி எடுப்பது குற்றமா, எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று நல்ல சிங்களத்தில் கேட்டான். அந்தச் சிங்களம் அவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். எங்கே படித்தாய் இந்தச் சிங்களத்தை, யார் சொல்லித் தந்தது என்று கேட்டுக்கொண்டே அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

குழியை இறைத்துப் பார்ப்பது என்று முடிவானது. சுமணே அய்யாவின் பம்ப்பைத்தான் கொண்டுவரச் சொன்னார்கள். தோட்டமே குழியைச் சுற்றி நின்றது. எதிர்ப்பக்கம் கிராமம். இந்தப் பக்கம் பாக்கியம் அக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தார். தண்டு வெளியே வந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும். இறைக்க இறைக்க ஊற்று சுரந்தது. பம்ப் இருமி நிற்கும்போதெல்லாம் அக்கா எழுந்து நிற்பார். சுமணே அய்யா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கே, பயவென்ன எபா. தண்ணி போனா சாமான் வரும்" என்று, பயப்படாதே என்பதை மட்டும் அவர் பாஷையிலும் மிச்சத்தை எங்கள் பாஷையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் தண்டு வெளியே வந்தது. சேறு வழிய, சாக்கோடு. டின்னுக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கடப்பாரையால் உடைத்தார்கள். சீமெந்து. மற்றதையும் உடைத்தார்கள். அதுவும் சீமெந்து. ஒரு போலீஸ்காரர் சிரித்தார், கிராமம் சிரித்தது, பாக்கியம் அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா ஓட்டமாகப் போய் உலை வைத்து, வீட்டிலிருந்த கருவாட்டை எல்லாம் பொரித்தார்.

செல்வா வரவில்லை. நாங்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோதே அவனை இரத்தினபுரிக்கு அனுப்பி, அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். சீமெந்து என்று இங்கே தெரிந்தது அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவசரப்படவில்லை. அக்கா சேலைத் தலைப்பில் அவன் படத்தை முடிந்துகொண்டு எத்தனை பஸ் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கூடப் போய்ச் சிங்களத்தில் பேசியது சுமணே அய்யா. அதனால் அவருக்குக் கிராமத்தில் கெட்ட பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துப் பையன்கள் வருவது நின்றது. வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த ஆடித் திருவிழாவும் கழிந்த பிறகு அவன் வந்தான். லயத்துக்கு ஏறும் படிகளில் நடுவழியில் உட்கார்ந்துவிட்டான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நீ சொன்னதுதான்டா சரி. ஒத்தக்கால்தான் கஷ்டம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அங்கே அவனை ஒற்றைக்காலில் நிற்கவைத்திருக்கிறார்கள் என்று விளங்கியபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கே நடந்ததைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது இன்றுவரை அது ஒன்றுதான். வாழ்க்கையில் ஒரு வாதத்தில் அவனை நான் வென்றது அன்றைக்குத்தான். அப்படி ஒரு வெற்றி என் எதிரிக்கும் வேண்டாம்.

இப்போது அந்தக் குழியில் காடு மண்டிவிட்டது. புகைக்கூடத்தின் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கியம் அக்கா இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி வேறு ஏதோ நட்டிருக்கிறார்கள். இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான், போனால் போகட்டும். செல்வா எம்பிலிப்பிட்டியவில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். கல்யாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். நல்ல மனுஷன், அமைதியானவர் என்று முதலாளி புகழ்கிறார். அமைதியானவராம்! மாதம் ஒருமுறை அவனோடு போனில் பேசுவேன். எப்படியாவது ஒரு சண்டை மூட்டிவிட வேண்டும் என்று பார்ப்பேன். போன தடவை, "ஒனக்கு என்னைக்குமே ஒழுங்கா பந்து அடிக்க வராதுடா. ஒன்னாலதான் நாங்க அத்தன மேட்ச் தோத்தோம்" என்றேன்.

நான் காத்திருந்தேன்.

"ஆமாடா" என்றான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."