சீதன உறுதியில் சின்னியைப் பார்க்க மோர்டென்ஸ்ருட் போனேன்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் அருளப்பு மாஸ்டர், அவருடைய மனைவி றீற்றா, என் மகன் அன்ரன், பிலோமினா என்கிற நான். பிறகு ஒருவரும் அப்படி நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது. அதனால்தான் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மாஸ்டரிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய உறுதிப் பத்திரங்களும் கடிதங்களும் இருக்கின்றன. அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்தில் அடிமை வைத்திருந்த காலத்தவை. அவர்களுடைய வீட்டு வளவில் அடிமையாக இருந்தவள் சின்னி. அவள் என் அம்மம்மாவின் அம்மம்மாவைப் பெற்றவள். இதை எனக்கு அம்மா சொன்னார், அம்மாவுக்கு அம்மம்மா சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் காதில் விழுந்தது எதுவும் போகாது. சின்னியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தப் பெட்டி. அதைக் கண்ணால் பார்க்கவேண்டும், ஒரு படம் எடுக்கவேண்டும், அந்த வீட்டுக்குள் இருந்தே அவள் எங்கள் ஆள் என்று சொல்லவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு எங்களை மன்னார் ஆட்கள் என்று மட்டும்தான் தெரியும். அவருடைய தங்கையின் பேத்தியைத்தான் என் பேரன், அன்ரனின் மகன் டனியலுக்குப் பேசியிருக்கிறது.

மாசி மாதத்து ஞாயிறு, பூசை முடிந்து மதியம், இந்தக் குளிர் நாட்டில் நாங்கள் இருக்கிற புருசெத்தில் ரயில் ஏறினோம். நகரத்தின் நடுவில் இருக்கிற சென்ட்ரம் வரை போய்ச் சுற்றாதீர்கள். ஹெல்லெரூட்டில் இறங்கி மோர்டென்ஸ்ருட் ரயிலுக்கு மாறினால் அரை மணித்தியாலப் பயணம்தான். முதியோருக்கு அரை ரிக்கற்.

ட்வெய்ட்டாவில்தான் பெண் வீடு. அந்த ஸ்டேசன் வந்ததும் அன்ரன் மெதுவாகச் சொன்னான். "அம்மா, அங்கை போய் வாயைத் திறக்காதேங்கோ."

"வடை தந்தா?"

"வடைக்கு மட்டும் திறவுங்கோ."

கடைசி ஸ்டேசனில் இறங்கினால் பாதை முழுக்க ஐஸ். சப்பாத்தின் அடியில் மாட்டுகிற இரும்பு முள் இல்லாமல் என் வயதுக்காரர் போகவேண்டாம்.

மாஸ்டர் சீதன உறுதியை மேசையில் விரித்து, குரலை ஏற்றி வாசித்தார். வயல். பனங்காணி. கிணற்றில் அரைப்பங்கு. கன்றோடு பசு. சின்னி என்கிற அடிமைப்பெண்ணும் அவள் பெற்ற பிள்ளைகளும். பித்தளைக் குடம். அம்மா சொன்ன அதே இடம்: பசுவுக்கும் குடத்துக்கும் நடுவில்.

"பாருங்கோ, அந்த நாளையில ஆக்களையும் சீதனமாக் குடுத்திருக்கினம். இப்ப ஒரு கார் குடுக்கவே நாக்குத் தள்ளுது!" மாஸ்டர் சிரித்தார். அன்ரனும் சிரித்தான்.

அடுத்து ஒரு கடிதம். அடிமைகளுக்கு விடுதலை வந்த பிறகு, கொழும்பில் இருந்த தம்பிக்கு அண்ணன் எழுதியது. சின்னியின் மகன் தோளில் சால்வையோடு எங்கள் படலையைத் தாண்டிப் போகிறான், எங்களைக் கண்டும் இறக்குகிறானில்லை என்று முறைப்பாடு. எனக்கு எழும்பி நின்று கைதட்டவேண்டும் போல இருந்தது.

"உங்கட பக்கத்திலையும் இப்பிடி அடிமையள் இருந்திருப்பினமே?" என்று மாஸ்டர் கேட்டார்.

அன்ரன் முந்திக்கொண்டான். "ஓம் மாஸ்டர். எங்கட வீட்டிலையும் வைச்சிருந்தவை."

நான் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தேன். "ஒருத்தரையும் வைச்சிருக்கேல்லை. சின்னி எங்கட ஆள். என்ர அம்மம்மாவின்ர அம்மம்மாவைப் பெத்தவள்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த றீற்றா கேத்தலைக் கீழே வைத்தாள். அன்ரன் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தான்.

"அம்மாக்கு வயசு போய் இப்ப மறதி, மாஸ்டர். கேட்ட கதையெல்லாம் தன்ர கதை எண்டுவா."

எனக்கு மறதி!

"சின்னி," என்றேன். "சின்னியின்ர மகள் மரியாள். மரியாளின்ர மகள் சந்தியாள். சந்தியாளின்ர மகள் அந்தோனியாள். அது என்ர அம்மம்மா."

"பாவம்," என்றாள் றீற்றா. "என்ர அம்மாவும் கடைசியில இப்பிடித்தான் பேர் பேராச் சொல்லிக்கொண்டு இருந்தவ." என் தட்டில் இன்னொரு வடை வைத்தாள்.

"ஒரு படம் எடுக்கட்டோ மாஸ்டர்?"

"அக்கா களைச்சுப்போனியள். பிறகு பாப்பம்." பெட்டியை மூடினார்.

வாசல்வரை வந்து மாஸ்டர் வழியனுப்பினார். வெளியே மைனஸ் பன்னிரண்டு. ஒருவரும் கேட்காமலே அன்ரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், மாஸ்டர் கதவைச் சாத்தும்வரை.

திரும்பி வரும் ரயிலில் நான் அவனோடு கதைக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

இப்படிப்பட்ட பெட்டியைப் பார்க்கப் போக இருப்பவர்களுக்கு: முதலில் படத்தை எடுங்கள், பிறகு வாயைத் திறவுங்கள். அந்த வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முடிந்தால் தனியாகவே போங்கள். ஹெல்லெரூட்டில் மாறுவது ஒன்றும் கஷ்டமில்லை.

நான் திரும்பவும் போவேன். மாஸ்டர் கதவு திறந்தால், சிரித்ததற்கு அவரை மன்னிக்கலாம். "பாவம்" என்றதற்கு றீற்றாவையும் மன்னிக்கலாம். பசுவுக்கும் குடத்துக்கும் நடுவில் சின்னியை எழுதியவனைக்கூட, செத்துப்போனான் என்று விடலாம்.

அன்ரனை மாட்டேன்.