வெட்டின வீடியோ

கத்திக்குத்து வழக்கில விளக்கமறியலில இருக்கிற ஒருத்தருக்காக, அரசு போட்ட லோயர் என்னைச் சாட்சி தேட விட்டவர். இண்டைக்கு அம்மருட் எண்ட இடத்தில ஒரு தமிழ் வீட்டுக்குப் போனனான்.

"ஓம், கத்திக்குத்து நடந்த நேரம் அவர் எங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில சாப்பாடு போட்டுக்கொண்டு நிண்டவர்" எண்டு கதவைத் திறந்த அக்கா சொன்னா.

எனக்கு உயிர் வந்தது. "வீடியோ இருக்கோ அக்கா?"

"இருக்கு. ஆனா பொலிஸ் பிடிச்ச ஆளெல்லே. அவர் வாற இடமெல்லாம் வெட்டச் சொல்லிப்போட்டம். வெட்டாத வீடியோ ஆரிட்டையும் இல்லை."

"கோட்டில வந்து சொல்லுவியளோ?"

"ஐயோ தம்பி, பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு."

வீடியோவை முழுக்கப் பார்த்தன். சோறு போடுற ஒரு கை மட்டும் வெட்டுப்படாமல் தப்பியிருக்கு.

அந்தக் கையால வாங்கிச் சாப்பிட்ட ஆக்கள் ஆராவது இதை வாசிக்கிறியளோ?