இருமல் பக்கம்

ஆவடி ரயிலில் யாராவது இருமினால் இன்றும் என் காது அதைப் பிரித்துப் பார்க்கிறது: வறண்டதா, சளி கட்டியதா, நெஞ்சின் அடியிலிருந்து வருவதா. டாக்டரம்மா கொடுத்த பழக்கம்.

தொண்ணூறுகளில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. ஒரு நோயைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் மருத்துவர்களே கேள்வி, பதில், அடுத்த கேள்வி என்று அடுக்கிவைக்க ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். அதை முதலில் நிரப்பிப் பார்க்க வந்தவர், கள்ளிக்குப்பத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா. என் வயதுதான். மதியம் கிளினிக்கைச் சாத்தியதும் வந்துவிடுவார். இருமலுக்கு நான் இரண்டே கட்டம் வைத்திருந்தேன்: வறட்டு, சளி. சிரித்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக இருமிக் காட்டினார். கக்குவான், ஈளை, பீடிக்காரரின் காலை இருமல், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளையின் இருமல். முடித்ததும், பிடிபட்டதா என்று என் முகத்தைப் பார்ப்பார். டீ குடிக்கக் கீழே இறங்கினால் லேத்துக்காரர் கேட்பார்: "இன்னா நைனா, மேல ஆருக்கோ ரொம்ப முடியல போலகீதே?"

கட்டங்கள் பெருகின. ஒரு கேள்வியில் மட்டும் அவருக்குப் பிடிவாதம். எத்தனை நாளாக இருமல்? ஆட்கள் மழுப்புகிற இடம் அதுதான், காசநோய் ஒளிந்துகொள்கிற இடமும் அதுதான் என்றார். "பதில் சொல்லாம அடுத்த பக்கம் போக விடாதப்பா." அப்படியே செய்தேன். வெறுமையாக விட்டால் திரை நகராது.

மழை பிடித்த மாதத்தில் அவர் இன்னொரு மாதிரி இருமினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. இதை எதில் சேர்க்க என்று கேட்டேன். இது சும்மா என்றார். ரவிக்கைக் கை தொளதொளத்திருந்தது. டாக்டரே இருமினால் அந்தக் கிளினிக்குக்கு யார் வருவார்கள் என்று, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் ஒருநாள் சொன்னார்.

இப்போது எந்த ஆஸ்பத்திரி மேசையிலும் ஒரு திரை இருக்கிறது. பதில் வராமல் நகர்வதில்லை. எதிரே உட்கார்ந்து யாரும் இருமிக் காட்டுவதில்லை.

இருமல் பகுதி முடிந்த வாரம், கிளினிக்கைக் கொஞ்ச நாள் மூடிவிட்டு ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றார். குமணன்சாவடி வரை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டேன். பெட்டியைத் தூக்கும்போது அந்த இருமல் வந்தது. வெகுநேரம் ஓயவில்லை. அடங்கியதும் கேட்டேன்.

"எத்தனை நாளா, டாக்டர்?"

பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக்கொண்டு, அன்றைக்குத்தான் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த பக்கம் போப்பா."