காடையைக் காப்பாற்றிய நிபுணர் குழு

அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத்துக் கோப்பவள் அவள் ஒருத்திதான். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கடைக்காரர்களின் நோட்டீஸ் எல்லாம் அவள் கை பட்டுத்தான் வெளியே போகும். ‘ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் ஆயிரம்’ என்ற புத்தகமும் அப்படித்தான் போனது. அட்டையில் ‘தொகுப்பு: நிபுணர் குழு’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் குழுவில் இருந்தது அவளும் ஒரு கிழிந்த அகராதியும்தான்.

பதினொரு வருடமாக அந்தப் புத்தகம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அவளும் அதை மறந்தே போனாள். ஏழாவது படிக்கும் மகள் ஒரு நாள் அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றபோதுதான் வினை ஆரம்பித்தது. பள்ளியின் சொற்போட்டி அணியில் ஒரே ஒரு மார்க்கில் இடம் போய்விட்டதாம். ‘குவாம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மன உறுத்தல்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘காடை’ என்று எழுதியிருந்தார்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

“காடைன்னு எந்தப் புத்தகத்துல டீச்சர் போட்டிருக்கு?”

டீச்சர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்து வைத்தார். அவளுடைய புத்தகம்.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ‘குவாக்’ என்ற சொல்லுக்கு அவள்தான் ஆசையாக, ‘படிக்காமலே வைத்தியர் என்று சொல்லித் திரிகிறவர்’ என்று நீட்டி முழக்கியிருந்தாள். ஒரு வரியில் அடங்காமல் அது இரண்டாவது வரிக்கு வழிந்து, கீழே இருந்த பொருள்களையெல்லாம் ஒவ்வொரு வரி தள்ளிவிட்டிருந்தது. காடையைக் குறிக்கும் ‘குவெயில்’ என்ற சொல்லுக்கு நேரே ‘சொல்லித் திரிகிறவர்’. அடுத்த சொல்லான குவாமுக்கு நேரே காடை. பக்கத்தின் அடி வரை இதே கூத்து. இதையும் பதினொரு வருடமாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! காடை என்றால் ‘சொல்லித் திரிகிறவர்’ என்று படித்த ஒரு பிள்ளைக்குமா சந்தேகம் வரவில்லை? ஒரு வாத்தியாருக்குமா கண் இல்லை?

“டீச்சர், இது தப்பு. தப்புப் பண்ணினதே நான்தான். இந்தப் பக்கத்தை நான்தான் அடிச்சேன்.”

“நிபுணர் குழுன்னு போட்டிருக்கே. அச்சுல வந்ததை விட்டுட்டு நீங்க சொல்றதையா நம்பச் சொல்றீங்க?” என்றார் டீச்சர்.

முதலாளியிடம் சொன்னால் அவர் அதற்கு மேல். “இத்தனை வருஷமா ஒருத்தன் கேக்கலையேம்மா. மத்த கம்பெனிக்காரங்க புத்தகத்துலயும் காடைதான் இருக்கு.”

“நம்மளப் பாத்துக் காப்பி அடிச்சவங்க சார் அவங்க!”

“அப்ப நம்ம மட்டும் மாத்தினா நம்மதுதானே தப்பாத் தெரியும்?”

ஆனாலும் அவள் அடுத்த பதிப்புக்கு அந்தப் பக்கத்துப் பொருள்களை ஒரு வரி மேலே ஏற்றிச் சரிசெய்தே அனுப்பினாள். புத்தகம் வெளியான இரண்டாவது வாரமே நாலைந்து பள்ளிகளிலிருந்து புகார் வந்தது. புதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிழையாம்!

முதலாளி குதிகுதியென்று குதித்தார். பழைய பொருள்களையே போட்டு ஒரு பிழைதிருத்தச் சீட்டு அடி, எல்லாப் புத்தகத்திலும் ஒட்டு என்று உத்தரவு போட்டார். சரியானதைத் தப்பாகத் திருத்த ஒரு சீட்டு, அதையும் அவள் கையாலேயே! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இப்படி அடித்தாள்:

‘பிழைதிருத்தம். இந்தப் பக்கத்தில் உள்ள பொருள்களே சரி. பழைய புத்தகங்களில் இருப்பவை தவறு. தவறு செய்தவள் எழுத்துக் கோப்பவளாகிய நான்.’

முதலாளி தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீட்டு எல்லாப் புத்தகத்திலும் ஏறியது. வேலை போனாலும் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதலாளி சிரித்த முகத்தோடு வந்தார்.

“பாத்தியாம்மா? சீட்டை ஒட்டினதும் ஒரு பய புகார் சொல்லலை.”

அன்று சாயங்காலம் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். புதுப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டியிருப்பதைக் கண்டதுமே, பழைய புத்தகம்தான் சரி என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டாராம். அணிக்கு வைத்த மறுதேர்வில் மகளுக்கு முழு மார்க். அணியிலும் சேர்த்துவிட்டார்கள். விடைத்தாளில் குவாமுக்கு எதிரே மணிமணியான எழுத்தில் ‘காடை’ என்று எழுதியிருந்தாள்.

“சரியானது தெரிஞ்சும் ஏண்டி இப்படி எழுதின?”

“டீம்ல சேர வேண்டாமா? கையெழுத்துப் போடும்மா, நாளைக்குக் கேப்பாங்க.”

அவள் பேனாவை வாங்கிப் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஊன்றினாள். தாள் கிழிந்தது.

“மெதுவாம்மா, டீச்சர் திட்டுவாங்க,” என்றாள் மகள்.