இரண்டு வீட்டுக்கு எடுத்த கிளிச்சீட்டு

கிளிச்சீட்டு பார்த்திராதவர்களுக்கு அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோசியரிடம் ஓரம் நைந்த அட்டைக் கட்டு ஒன்று இருக்கும். ஒவ்வோர் அட்டைக்குள்ளும் ஒரு படம். பெரும்பாலும் சாமி படம்தான். சிலவற்றில் பழைய கதைகளில் வரும் ராஜா, ராணி, பாம்பு, பாழடைந்த மண்டபம் என்று வரும். கிளி கூண்டைவிட்டு இறங்கி, அலகால் ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் கொடுக்கும். அதற்குக் கூலி ஒரு நெல்மணி. படம் தானாகப் பேசாது. அதைப் பிரித்துச் சொல்கிற வாய்தான் பேசும். கேட்கிறவர் மனதில் ஒரே கேள்வி இருக்க வேண்டும், வந்த சீட்டை மாற்றித் தரச் சொல்லக்கூடாது என்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், யார் பேருக்குக் கேட்கிறோம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் சிக்கிக்கொண்டது அங்கேதான்.

இலங்கை சுதந்திரமடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலைநாட்டில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன், என் மனைவி கொழுந்து எடுத்தாள். முன்னே பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இந்த மகன் பிறந்தவுடன் அவனை முறத்தில் கிடத்தி வாசலில் வைத்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா வந்து, ஒரு பிடி தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு, "என் புள்ளைய வளத்துக் குடு" என்று என் மனைவி மடியிலேயே போட்டாள். பெற்றவள் வீட்டில் தேடி வரும் எமன் ஏமாந்து திரும்பிப் போவான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

தவழும் பருவத்தில் அவனுக்கு மார்ச்சளி கண்டது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய்வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் தண்ணி மருந்து கொடுத்து, மறுநாள் காலை லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்று பின்னேரம் மழையில் நனைந்துகொண்டு கிளி ஜோசியர் லயத்துக்கு வந்தார். கூண்டுக்குச் சாக்கு போர்த்தியிருந்தது. நான் கூப்பிட்டேன். மகன் பிழைப்பானா என்ற ஒன்றைத் தவிர எங்களுக்கு அன்று கேட்க எதுவுமில்லை.

கூண்டைத் திறந்தும் கிளி வரவில்லை.

"என்னா ஜோசியரே, கிளிக்கு வயித்துவலியா?" என்றாள் அக்கா.

"குளுருதுங்க தாயி. கீழ்நாட்டுக் கிளி."

"கம்பளி இல்லாம நடுங்கிக்கிட்டு இருக்கிறது எங்க தலையெழுத்த எங்கிட்டுப் படிக்கப் போவுது!"

அந்த நேரத்திலும் என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து நான் பார்த்த கடைசி நாட்களில் அது ஒன்று.

"யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று ஜோசியர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைதாங்க" என்றேன்.

கிளி எடுத்துக் கொடுத்த அட்டையில் மயில்மேல் முருகன். ஜோசியர் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கொமரன் துணை நிக்கிறாங்க, பயமே வேணாம்" என்றார். நாங்கள் கைகூப்பினோம். அப்போது அக்கா சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கும் அவன்மேல் அவ்வளவு உயிர்.

"அது எப்படி? தவுடு குடுத்து வாங்கினவ நான். புள்ள என் வீட்டுப் புள்ளைங்க."

ஜோசியர் முகம் மாறியது. "அப்படின்னா உங்க வீட்டுப் பேருக்குத்தான் எடுக்கணும் தாயி."

"வேணாங்க்கா, வந்ததே போதும்" என்றாள் என் மனைவி. அதற்குள் கிளி அட்டைகளுக்குப் போய்விட்டது.

இரண்டாவது படத்தில் ஒரு சுடுகாடு. கோலூன்றி நிற்கும் அரசன். எதிரே செத்த பிள்ளையை மடியில் போட்டு அழும் அரசி. கூத்தில் நாங்கள் விடிய விடியப் பார்த்து அழுத கதைதான். ஜோசியர் நல்ல மனிதர்.

"கதை முடிவுல அந்தப் புள்ள எந்திரிச்சுருதுல்ல தாயி? இதுவும் நல்ல சீட்டுத்தான்" என்றார்.

மறுநாள் லொறியில் என் மனைவி ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஏங்க, ரெண்டுல எது அவன் சீட்டு?"

"மயிலுதான்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் விடியும்முன் மூச்சு அடங்கிவிட்டது. கதையில் வரும் பிள்ளைபோல இவன் எழுந்திருக்கவில்லை.

தேயிலைக்குக் கீழே ஓடைக்கரையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். லயத்துப் பெண்கள் என் மனைவியை அழவிடவில்லை. "வித்த புள்ளைக்குப் பெத்தவ வாய்விட்டு அழக்கூடாது, அடுத்தது தங்காது" என்றார்கள். அக்காதான் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் அக்கா வந்தாள். கோழிக்கு வைத்திருந்த தவிடு முந்தானையில் இருந்தது. ஒரு பிடி அள்ளி என் மனைவி கையில் வைத்து மூடினாள். பிறகு தன் கையை ஏந்தினாள்.

"இந்தாடி, என் தவுட்டைத் திருப்பிக் குடு. உன் புள்ளைய எடுத்துக்க. எடுத்துக்கிட்டு அழு."

என் மனைவி கையைத் திறக்கவில்லை. திறந்தால் செத்தது அவள் பிள்ளை. விரலிடுக்கில் தவிடு உதிர்ந்துகொண்டே இருந்தது.

"குடு தங்கச்சி" என்றாள் அக்கா.

கை திறந்தது. அவள் அழுதது லயம் முழுவதும் கேட்டது. நான் சாமி மூலையில் விளக்கை ஏற்றினேன். முருகா என்று வாய்வரை வந்தது. அதற்குமேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.