வயிறு வைக்கும் என்று கொடுக்காத தண்ணீர்

பாலையூற்றில் என் டிஸ்பென்சரிக்கு வருகிற தாய்மாரில் பாதிப்பேருக்கு வேறு வேலை இல்லை. "பிள்ளை ஒண்டும் சாப்பிடுறானில்லை டொக்டர்" என்பார்கள். அந்தப் பிள்ளை என் மேசைக்குக் கீழே குந்தியிருந்து பிஸ்கட் பைக்கற்றை முடித்துக்கொண்டிருக்கும். தடிமனுக்கு அன்டிபயோட்டிக் எழுதாவிட்டால் நான் படிக்காத டொக்டர். முட்டு இழுக்கிற பிள்ளைக்கு மருந்தை உறிஞ்சுகிற பம்ப் எழுதினாலோ கொலைகாரப் பார்வை. "பம்ப் பழகினா விடேலாதாம்" என்று சொல்லி அதை அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது மெஷினில் மருந்துப் புகை பிடிக்கத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். எல்லோரும் மகா கெட்டிக்காரர்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தின் உச்சியை நான் கண்டது ஒரு சாமத்திய வீட்டுச் சடங்குக்கு முதல்நாள். பெரியபிள்ளையான பெண்ணைத் தாயும், கனடாவிலிருந்து வந்த தாய்மாமனும் கூட்டிவந்தார்கள். மாமன் கதிரையில் இருக்க முன்னமே பெருமை பேசத் தொடங்கிவிட்டார். உட்துறைமுகப் பக்கத்தில் மண்டபம், பிள்ளையைத் தூக்கிவரப் பல்லக்கு, கொழும்பிலிருந்து அலங்காரக்காரி. துறைமுகப் பக்கம் ட்ரோன் கமரா பறக்கவிட ஏலாதாம் என்பதுதான் மனுஷனுடைய ஒரே துக்கம்.

"பிள்ளை கொஞ்சம் வாடிப்போனா டொக்டர்" என்றாள் தாய். "ஒரு சேலைன் ஏத்திவிட்டீங்களெண்டா நாளைக்கு முகம் தெளிஞ்சிடும்."

பிள்ளையைப் பார்த்தேன். வளையல்கள் முழங்கைவரை ஏறிக்கிடந்தன. சும்மா இருந்தபடியே ஓடிவந்தவளைப் போல ஆழமாக மூச்சு வாங்கினாள். நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. வாயில் அழுகிய பழ வாடை.

"தண்ணி கனக்கக் குடிக்கிறாவோ?" என்று கேட்டேன்.

"கேட்டபடிதான் இருப்பா. நான் விடுறேல்லை. பெரிசான பிள்ளை தண்ணி குடிச்சா வயிறு வைக்குமெல்லோ? களியும் நல்லெண்ணெயும்தான் குடுக்கிறனான். பாருங்கோ, வயிறே இல்லை."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. சர்க்கரை போட்டுக் கிண்டிய உளுத்தங்களியை உருட்டி உருட்டி ஊட்டியிருக்கிறார்கள். நாவறண்டு தவித்த பிள்ளைக்குத் தண்ணீரை மறித்திருக்கிறார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். மெஷின் இலக்கமே காட்டவில்லை, அதன் அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது.

"சீனி வருத்தம். ரத்தம் அமிலமாகிட்டுது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றேன்.

"சின்னப் பிள்ளைக்கு எங்கயிருந்து சீனி? எங்கட பரம்பரையிலயே இல்லை" என்றார் மாமன். பிறகு குரலைத் தணித்து, "நாளைக்கு ஒருநாள் சமாளிச்சுத் தாங்கோ. லைவ்ல பாக்க அங்க ஆக்கள் லீவு போட்டிருக்கினம்" என்றார்.

"நாளைக்குப் பல்லக்குத் தேவைப்படாது. பெட்டிக்குச் சொல்லிவையுங்கோ."

அவர் முகம் கறுத்தது. கறுக்கட்டும் என்று விட்டுவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன். என் மேசையில் இருந்த போத்தலையே பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். "பாத்து டொக்டர், கனக்கக் குடுக்காதேங்கோ" என்று தாயின் கை குறுக்கே வந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இன்சுலின் ஊசி போடப் பழகினாள். சாமத்திய வீட்டையும் விட்டார்களா? பிற்பாடு பல்லக்கில் வைத்து இறக்கித்தான் ஓய்ந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பிள்ளையோடு கிளினிக்குக்கு வந்தபோது தாய் எனக்கு ஃபோனில் படங்கள் காட்டினாள். ஊரில் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்று யாரும் சொல்லவில்லை போலும், முகத்தில் அதே பூரிப்பு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஒரு படத்தில் நின்றாள். பெரியபிள்ளையான அன்று வீட்டுக் கிணற்றடியில் மாமிமார் சுற்றிநின்று முதல் தண்ணீர் வார்க்கிற படம். குடத்துத் தண்ணீர் தலையில் கொட்ட, பிள்ளை முகத்தை மேலே தூக்கி வாயை ஆவென்று திறந்துகொண்டிருந்தாள்.

"இதைப் பாருங்கோ டொக்டர், விசரி மாதிரி வாயைத் திறந்துகொண்டு. வடிவில்லையெண்டு ஆல்பத்தில போடேல்லை" என்று தாய் சிரித்தாள்.

பிள்ளை சிரிக்கவில்லை.

"மாமி வருமட்டும் ஒண்டும் குடிக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "வார்க்கேக்க குடிச்சனான், டொக்டர்."

தாய் படத்தைத் தள்ளவில்லை. ஃபோன் தானாக இருளும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.