வீட்டுக் கணினியில் ஓடிய இழுப்புக் கணக்கு

எங்கள் பகுதியில் கணினி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். தொண்ணூறுகளின் பின்பாதி. கேரள எல்லைக்கு உள்ளே இருக்கும் பாறசாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு மொழிகளில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். வளைகுடாவிலிருந்து தம்பி கொண்டுவந்து தந்த கணினியை வீட்டின் முன்னறையில் வைத்து, நெய்யாற்றின்கரையில் இருந்த ஒரு அச்சகத்துக்குக் கல்யாணக் கார்டும் சபை நோட்டீசும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கார்டு பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மாப்பிள்ளை வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் என்றால் தமிழிலும் அடிக்க வேண்டியிருக்கும்.

என் கணவர் மின்சார வாரியத்தில் லைன்மேன். மகளுக்கு அப்போது ஏழு வயது. மழை விட்டு வெயில் வந்து, சூளைகளில் தீ வைக்கத் தொடங்கும் மாதங்களில் அவளுக்கு மூச்சிழுப்பு வரும். எங்கள் வீட்டிலிருந்து வயலைத் தாண்டினால் மூன்று செங்கல் சூளைகள். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து ஜன்னலை அடைப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. புகையால்தான் இழுப்பு வருகிறது என்று நான் நம்பினேன். கணவர் நம்பவில்லை. அவருடைய அம்மாவுக்கும் இழுப்பு உண்டு. சூளைகள் வருவதற்கு முன்பே இருந்ததாம்.

டாக்டர் என்னிடம் வந்தது தன் ஆய்வேட்டை அடித்துத் தரச் சொல்லித்தான். பக்கத்து ஊர் மிஷன் சபைக் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மேற்படிப்புக்காகச் சூளைகளைச் சுற்றியிருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு வரும் இழுப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒரு பெரிய வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்திருந்தார். இழுப்பு உள்ள குழந்தையின் வீடு சிவப்பு, மற்றவை கறுப்பு. எங்கள் வீட்டுக்கும் முந்தின வருடமே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது தடவை வந்தபோது கேட்டார்:

"அக்கா, ஒங்க கம்ப்யூட்டர் சும்மா கெடக்கிய நேரம் உண்டா?"

"கரண்ட் இல்லாத நேரம் ஒக்க சும்மாதான் கெடக்கும், டாக்டரே," என்றார் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். சிவப்புப் புள்ளிகள் சூளைப் பக்கம் கூடுதலாக இருப்பது வரைபடத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அது தற்செயலாகவும் அப்படி விழுந்திருக்கலாம். ஆகவே அத்தனை சிவப்பையும் எடுத்து, சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோலக் கலைத்து, வேறு வேறு வீடுகளின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் போட்டதில் எத்தனை சிவப்பு சூளைப் பக்கம் விழுகிறது என்று எண்ண வேண்டும். மறுபடி கலைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை கலைத்தும் உண்மையில் உள்ள அளவுக்கு வரவே இல்லை என்றால், இது தற்செயல் இல்லை என்று சொல்லலாம். கல்லூரிக் கணிதத் துறையில் ஒருவர் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டருடைய கணினியில் மட்டும் ஓட்டினால் மாதக்கணக்கில் ஆகும். பல வீடுகளில் பிரித்துப் போட்டால் சீக்கிரம் முடியும்.

"அதியன்னூர்ல ஒரு ரிட்டயர்டு சார் உண்டு, டெலிபோன்ஸ்ல இன்ஜினியரா இருந்தவரு. அவரு சம்மதிச்சாச்சு. நீங்களும் சம்மதிச்சா மூணு வீடு ஆவும்."

சம்மதித்தேன். ஆராய்ச்சிக்கு உதவுகிறோம் என்ற பெருமை கொஞ்சம் இருந்தது. ஜன்னல் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று ஒரு இயந்திரம் சொல்லப்போகிறது என்ற எண்ணம் அதைவிட அதிகமாக இருந்தது.

டாக்டர் ஒரு பிளாப்பியைப் போட்டு, எப்படித் தொடங்குவது என்று காட்டினார். புரோகிராம் தொடங்கியதும் ஒரு எண் கேட்கும். அந்த எண்ணிலிருந்துதான் கலைப்பு ஆரம்பமாகும். எண்கள் எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்து, "நம்பர அடிச்சிட்டு அடிச்சு விட்டிருங்க அக்கா, அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தா இதுபோலத்தான் தொடங்கணும்," என்றார். அவருக்கு ஓ.பி.க்கு நேரமாகியிருந்தது. நான் தலையாட்டினேன். தாளில் முதலில் இருந்த எண் என்னுடையது, மற்றவை இனி சேரப்போகும் வீடுகளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து கணினி ஓடியது. அச்சக வேலை இருக்கும்போது நிறுத்துவேன், முடிந்ததும் தொடங்குவேன். சாயங்காலத்து அரைமணி நேர மின்வெட்டு நிச்சயம். அது போக, மழை பெய்தால், மரக்கிளை விழுந்தால், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும்கூட மின்சாரம் போகும். ஒவ்வொரு தடவையும் துண்டுத் தாளைப் பார்த்து அதே எண்ணை அடித்தேன்.

இரண்டாவது வாரம், என் வேலைக்கு நடுவில், பிளாப்பியில் இருந்த வீடுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இல்லை. வீட்டு எண்ணும் தூரமும், இழுப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். எங்கள் வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் ஒன்று என்றிருந்தது. என் மகளின் இழுப்பு அதுதான். முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அதை எடுத்து ஒருதடவை ஆற்றங்கரை வீட்டில் வைத்தது, ஒருதடவை சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வீட்டில் வைத்தது, எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தது. அவள் பக்கத்து அறையில் மலையாளப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை டாக்டர் வந்தபோது இதைச் சொன்னேன்.

"அது ஒங்க வீடு இல்ல அக்கா. ஒரு நம்பராக்கும்," என்றார். "அப்படி நெனச்சாத்தான் கணக்கு செய்ய ஒக்கும்."

மூன்று வாரம் ஆனது. முடிவுகளை அச்செடுத்து வைக்கும்படி டாக்டர் சொல்லியனுப்பினார். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமை காலையில் பிரிண்டரைப் போட்டேன். அது கரகரவென்று அடித்துத் தள்ளிய நீளத் தாளை மடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கலைப்புக்கும் ஒரு எண். எனக்குக் கணக்கு வராது. ஆனால் பிழை பார்த்துப் பழகிய கண். கல்யாணக் கார்டில் ஒரே வரி இரண்டு தடவை வந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஏழெட்டு மடிப்புக்குப் பிறகு, இந்த வரிசையை முன்பே பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. முன்னால் திருப்பினேன். அதே எண்கள், அதே வரிசை. பிரிண்டர் கோளாறு என்று நினைத்துத் திரையில் பார்த்தேன். திரையிலும் அப்படியேதான் இருந்தது. எங்கெங்கே மின்சாரம் போய் நான் மறுபடி தொடங்கினேனோ, அங்கெல்லாம் கணக்கும் முதலிலிருந்து தொடங்கி, ஒரு எண் பிசகாமல் அதே வழியில் போயிருந்தது.

டாக்டர் தந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பதுக்கு மேல் எண்கள். அத்தனையும் எனக்குத்தான். ஒன்றை அடித்த பிறகு அதைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும், அடுத்த தடவை அடுத்த எண். டாக்டர் சொன்னது இதைத்தான். டைப் அடிப்பவளான எனக்கு அடி என்றால் ஒரே பொருள்தான். மூன்று வாரமாக ஓடிய கணினி உண்மையில் ஒரு நாளைக்கு மேல் வேலை செய்திருக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் மொத்தக் கணக்கு இருந்தது. எந்தக் கலைப்பிலும் உண்மையில் உள்ள அளவுக்குச் சிவப்பு சூளைப் பக்கம் விழவில்லை, ஒருதடவைகூட. நான் எதிர்பார்த்த விடை. டாக்டருக்கு வேண்டியதும் அந்த ஒரு பக்கம்தான். மற்றதை அவர் புரட்டிப் பார்ப்பார் என்று தோன்றவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது. அது நினைப்பாக மட்டும் வந்து போகவில்லை, மத்தியானம் வரை இருந்தது.

சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். தப்பு யார் பக்கம் என்றுதான் முதலில் கேட்டார்.

"தெத்து மிஷினுக்கா ஒனக்கா?"

"எனக்காக்கும்."

"அப்பம் சொல்லிரு." அவர் மோரை ஊற்றிக்கொண்டார். "போஸ்ட்ல ஏறி ஒரு கனெக்சன தெத்தா கொடுத்திட்டு மிண்டாம எறங்கி வந்தா, ஒருத்தன் தொட்ட பெறவுதான் தெரியும். அதுக்கு முன்ன போய்ச் சொல்லணும்."

சனிக்கிழமை வரை காத்திருக்கப் பிடிக்கவில்லை. தாள்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். டாக்டர் ஆஸ்பத்திரியை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தார். தாளை மேசையில் விரித்து, ஒரே மாதிரி இருந்த இடங்களில் பென்சிலால் வளைத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வளையமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

"அடிச்சு விட்டிருங்கன்னு சொன்னேனே அக்கா."

"நான் டைப் அடிக்கியவளாக்கும் டாக்டரே. நீங்க சொன்னத அப்படித்தான் கேட்டேன்."

அவர் முகத்தில் சிரிப்பு வரும்போல இருந்து, வராமல் போயிற்று. ஆய்வேட்டைக் கொடுக்க இருபது நாட்கள்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஏட்டை அடித்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

"சாயா குடிக்கியளா?" என்று கேட்டு எழுந்து உள்ளே போனார். சாயாவோடு திரும்பியபோது குரல் சாதாரணமாகியிருந்தது. "தெத்து எனக்கும் உண்டு. ஓட்டத்தில சொல்லிட்டுப் போனேன். நீங்க இத காட்டாம இருந்திருந்தா நான் பாத்திருக்க மாட்டேன், கேட்டியளா. வைவாவில எவராவது பாத்திருந்தா நாறிப் போயிருப்பேன்."

அங்கிருந்து அவருடைய ஸ்கூட்டரில் இருவரும் அதியன்னூருக்குப் போனோம். அந்த ரிட்டயர்டு சாரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவருடைய தாளில் ஒவ்வொரு எண்ணும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் தொடங்கிய மணி எழுதப்பட்டிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு என் தாளை வாங்கினார். அதிலிருந்த எண்களில் பாதியைத் தன் தாளின் அடியில் எழுதிக்கொண்டார்.

"ஓணம் வரை எனக்கு வேற சோலி இல்ல. பாதி நான் ஓட்டுதேன். மக்கா, நீ பயப்படாத," என்றார். முன்பின் தெரியாதவர் பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல என்னை மக்கா என்று கூப்பிட்டதில் பஸ்ஸில் அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர்போலத் திரும்பி டாக்டரிடம் பேசினார்.

ஆவணி கல்யாண மாதம். அச்சகத்தில் இரண்டு வாரத்துக்கு வேலை எடுக்க முடியாது என்று சொன்னேன். முதலாளி கோபப்பட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார், பிறகும் பழையபடி வேலை தரவில்லை. கணினியை நிறுத்தாமல் ஓட விட்டேன். வெயிலில் சூடானால் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். மின்சாரம் போய் வந்ததும் அடுத்த எண்ணை அடித்து, தாளில் கோடு போட்டு அடித்தேன். மகள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, கோடு போடுவது தன் வேலை என்றாள். கொடுக்கவில்லை.

புதிய கணக்கு முடிந்தபோது விடை மாறியிருந்தது. பெரிதாக அல்ல. ஆயிரக்கணக்கான கலைப்புகளில் ஒருசில தடவை, எந்தப் புகையும் இல்லாமல், வெறும் சீட்டுக் கலைப்பிலேயே சிவப்புப் புள்ளிகள் அந்த அளவுக்குச் சூளைப் பக்கம் விழுந்திருந்தன. டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்கனவே அடித்திருந்த ஒரு வாக்கியத்தை மாற்றச் சொன்னார். தற்செயலாக இருக்க முடியாது என்று இருந்தது. தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்று ஆக்கினேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

"இவ்வளவு ஓட்டியும் இதுதானா டாக்டரே?"

"இதுதான் அக்கா. இதுக்கு மேல சொன்னா பொய்யாவும்."

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. டாக்டர் ஒரு பிரதியைப் பஞ்சாயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். சூளைகள் அதன் பிறகும் எரிந்தன. பல வருடம் கழித்து, வயல்களில் மண் தீர்ந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றன. மகளுக்கு இழுப்பு நின்றது அதற்கு வெகுகாலம் முன்பு, பன்னிரண்டு வயதில். புகையா, பாட்டி வழி வந்ததா என்று நானும் கணவரும் இன்றும் ஒத்துப்போகவில்லை. டாக்டர் வடக்கே வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போனார்.

இணையம் வந்த பிறகு, உலகம் முழுக்க வீட்டுக் கணினிகளின் சும்மா கிடக்கும் நேரத்தை வாங்கி மருந்து ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடுகிறார்கள் என்று அதியன்னூர் சார் போன் செய்து சொன்னார். அவர் ஏற்கனவே சேர்ந்திருந்தார். நானும் சேர்ந்தேன். என் கணினி எந்த நோய்க்காக எதைக் கணக்கிட்டது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரும், நிறைந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு இடிமழையில் ஹார்ட் டிஸ்க் போகும்வரை, இரண்டு வருடம் போல, அது ஓடியது.